ஒலிக்கு ஒரு பீட் முன்னால்: புதிதாக டீமை நடத்தப் போகிறவர்களுக்கு ஆர்கெஸ்ட்ரா மேடையிலிருந்து சில படிகள்

மேடையில் எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாத்தியம். நடுவில் ஒரு சின்னத் திட்டின் மேல் நிற்கிற கண்டக்டர் கையில் மட்டும் மெல்லிய குச்சி ஒன்று. அந்தக் குச்சியிலிருந்து சத்தமே வராது. இரண்டு மணி நேரக் கச்சேரியில் ஒரு சுரம்கூட வாசிக்காத அவருக்குத்தான் கடைசியில் பூங்கொத்து கொடுக்கிறார்கள்.

நான் பல வருடம் ஒரு சிறிய அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில், கடைசிக்கு முந்தின ஸ்டாண்டில் உட்கார்ந்து வாசித்தவன். அந்த இடத்தில் உட்கார்ந்தால் பெரிய புகழ் கிடைக்காது. ஆனால் கண்டக்டர்களை நன்றாக வேடிக்கை பார்க்கலாம். ஆறேழு பேர் வந்து போனார்கள். சிலர் கையைத் தூக்கினாலே எங்களுக்கு முதுகு நிமிரும், வில் தானாக ஓடும். சிலர் வியர்க்க விறுவிறுக்கக் கையை வீசுவார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருப்போம். வாசிக்கிறவர்கள் அதே ஆட்கள், இசையும் அதே இசை. என்ன வித்தியாசம் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை.

பிறகு வேலையிடத்தில் எட்டுப் பேர் கொண்ட ஒரு டீமை என்னிடம் கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் நான் இரண்டாவது ரகக் கண்டக்டராகத்தான் இருந்தேன். அப்போதுதான் அந்தப் பழைய வேடிக்கைக்கு அர்த்தம் கிடைத்தது. நல்ல கண்டக்டரின் சைகை ஒலிக்கு ஒரு பீட், அதாவது தாளத்தின் ஒரு அடி, முன்னால் வருகிறது. மோசமான கண்டக்டரின் சைகை ஒலியோடு சேர்ந்து வருகிறது, அல்லது அதற்குப் பின்னால் ஓடி வருகிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான். புதிதாக டீம் லீடர், ஒருங்கிணைப்பாளர், குழுத் தலைவர் என்று ஏதோ ஒரு பெயரில் பொறுப்புக்கு வந்திருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சங்கீத ஞானம் தேவையில்லை.

படி 0: குச்சியைத் தரையில் தட்டாதீர்கள்

பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸில் தாளத்தைக் கனமான ஒரு கோலால் தரையில் தட்டிக் காட்டுவது வழக்கம். அரசர் பதினான்காம் லூயியின் இசையமைப்பாளரான ழான் பாப்டிஸ்ட் லுல்லி 1687-இல் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது கோல் தவறித் தன் கால் விரலிலேயே இறங்கியது. காயம் அழுகியது. காலை வெட்ட அவர் சம்மதிக்கவில்லை. அந்த மார்ச் மாதமே இறந்துபோனார். தன் குழுவை நடத்திக்கொண்டே தன்னைத் தானே கொன்றுகொண்ட தலைவர் என்று இசை வரலாற்றில் அவருக்கு ஒரு தனி இடம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கெஸ்ட்ரா பெரிதாக ஆக, வாத்தியம் எதையும் வாசிக்காமல் நடத்துவதற்கென்றே ஓர் ஆள் தேவைப்பட்டார். கோல் சுருங்கிக் குச்சியானது, சத்தமும் நின்றது. தலைவர் சத்தம் போடுவதை நிறுத்திய பிறகுதான் இது ஒரு கலையாக வளர்ந்தது என்பது என் கட்சி. கண்டக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் விசிலும் ‘போலாம் ரைட்’டும் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: அங்கேயும் வண்டியை ஓட்டுவது வேறு ஆள்தான்.

படி 1: எல்லோருடைய தாளையும் நீங்கள் படித்திருக்க வேண்டும்

ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வயலின்காரர் முன்னால் இருக்கும் தாளில் வயலினுக்கான வரி மட்டும் இருக்கும். ட்ரம்பெட்காரர் தாளில் ட்ரம்பெட் மட்டும். ட்ரம்பெட்டுக்கு நாற்பது பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) வேலையில்லை என்றால் ஒரு கோடு போட்டு மேலே ‘40’ என்று அச்சடித்திருக்கும். அவர் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாற்பது பாரில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவர் தாளில் அநேகமாக இருக்காது.

கண்டக்டர் கையில் இருப்பது ஸ்கோர். மேலே புல்லாங்குழல், கீழே டபுள் பாஸ் என்று ஒரே பக்கத்தில் இருபது வரிகூட இருக்கும். முழுப்படமும் கண்ணுக்கு முன்னால் விரிந்திருப்பது அவருக்கு மட்டும்தான். அவர் அங்கே நிற்பதற்கு இதுதான் முதல் நியாயம். திறமையை வைத்துப் பார்த்தால் ஓபோ என்ற குழல் வாத்தியத்தை ஓபோக்காரர் வாசிப்பதுபோல் அவரால் ஒருபோதும் வாசிக்க முடியாது.

ஆகவே முதல் வேலை: உங்கள் டீமுக்கு ஒரு ஸ்கோர் எழுதுங்கள். ஒரு பெரிய தாள் போதும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆட்களின் பெயர். மேலே இடமிருந்து வலமாக வாரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்த வாரம் என்ன செய்கிறார் என்று இரண்டு வார்த்தை. பிறகு கலர் பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்று விஷயங்களைக் குறியுங்கள். இந்த வாரம் மெட்டு யாரிடம் இருக்கிறது, அதாவது யாருடைய வேலையை நம்பி மற்றதெல்லாம் நிற்கிறது? யார் சும்மா எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்? நீண்ட ஓய்வுக்குப் பிறகு யார் திடீரென்று உள்ளே வரவேண்டும்?

மூன்றாவதுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். இசையமைப்பாளர் த்வோராக்கின் ‘புதிய உலகிலிருந்து’ சிம்பொனி 1893-இல் நியூயார்க்கில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. நாற்பது நிமிடத்துக்கும் மேல் போகும் அந்தப் படைப்பில் சிம்பல் என்ற ஜால்ராவுக்கு மொத்தம் ஒரே ஒரு அடி. அதுவும் கடைசிப் பகுதியில், மெதுவாக. அந்த ஆள் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்து, சரியான நொடியில் எழுந்து, சத்தம் அதிகமாகாமல் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி உட்கார வேண்டும். அவருக்கு நாள் முழுக்க வாசிக்கிற வயலின்காரரைவிடப் பதற்றம் அதிகம். உங்கள் டீமிலும் இப்படி ஒருவர் இருப்பார்: வெளியீட்டுக்கு முந்தின நாள் மட்டும் தேவைப்படும் சோதனையாளர், ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்க்கவேண்டிய சட்ட ஆலோசகர். அவருடைய அந்த ஒரு அடி உங்கள் ஸ்கோரில் சிவப்பில் இருக்கட்டும். அதற்கு ஒரு வாரம் முன்னால் அவரை ஒருமுறை பாருங்கள்.

ஸ்கோர் படிக்கும்போது இன்னொரு வில்லங்கமும் தெரியவரும். சாதாரண பி ஃப்ளாட் கிளாரினெட்டின் தாளில் ‘ஸி’ என்று எழுதியிருந்தால் அதை வாசிக்கும்போது காதில் விழுவது பி ஃப்ளாட். எஃப் ஹார்னில் அதே ‘ஸி’ எஃப் என்று கேட்கும். எழுத்து ஒன்று, ஒலி வேறு. கண்டக்டர் இதை மனதுக்குள் மாற்றி மாற்றிப் படித்தாக வேண்டும். என் டீமில் இப்படி ஒரு சொல் இருந்தது: ‘முடிஞ்சிடுச்சு’. ஒருவருக்கு அதன் பொருள் ‘என் கணினியில் ஓடுகிறது’. இன்னொருவருக்கு ‘சோதித்தாகிவிட்டது’. மூன்றாமவருக்கு ‘வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொண்டாகிவிட்டது’. மூவரும் உண்மைதான் சொன்னார்கள். நான்தான் மூன்றையும் ஒரே சுரமாக நினைத்து மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு முழித்தேன். உங்கள் டீமில் அடிக்கடி புழங்கும் ஐந்தாறு சொற்களை எடுத்து, ஒவ்வொருவர் வாயிலும் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. பல மாதச் சண்டை மிச்சம்.

படி 2: சுருதி சேர்ப்பது உங்கள் வேலை இல்லை

கச்சேரி தொடங்குமுன் ஓபோ ஒரு ‘ஏ’ சுரத்தை நீட்டிப் பிடிக்கும். 440 ஹெர்ட்ஸ், சில ஆர்கெஸ்ட்ராக்களில் 442 அல்லது 443. எல்லோரும் அதோடு சேர்த்துக்கொள்வார்கள். முதல் வயலின் வரிசையின் தலைவரான கன்சர்ட்மாஸ்டர் எழுந்து நின்று அதை முறைப்படுத்துவார். கண்டக்டர் அப்போது மேடையிலேயே இருக்கமாட்டார்.

அளவுகோல் என்ன என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். தினமும் அதைப் பிடித்துக்காட்ட டீமிலேயே ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 3: முன்னசைவு

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நாலு பீட் தாளத்துக்குக் கண்டக்டரின் வலது கை கீழே, இடது, வலது, மேலே என்று போகும். மூன்று பீட் என்றால் கீழே, வலது, மேலே. இதைக் கற்றுக்கொள்ள பத்து நிமிடம் போதும். கஷ்டம் எங்கே என்றால், முதல் சுரத்துக்கு முன்னால் கை மேலே எழும்பும் அந்த ஒரு அசைவில். இசைக்காரர்கள் அதை அப்பீட் என்பார்கள். அந்த அசைவு நடக்கும்போது ஒலி இல்லை. ஆனால் வாசிக்கிறவர்களுக்குத் தேவையான எல்லாமே அதில் இருக்கிறது: வேகம் எவ்வளவு, சத்தமாகவா மெதுவாகவா, வெட்டி வாசிப்பதா இழைத்து வாசிப்பதா. கண்டக்டர் அதே நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பார். குழல் வாத்தியக்காரர்கள் அவரோடு சேர்ந்து இழுப்பார்கள். வயலின்காரர்களுக்கு வாசிக்க மூச்சு வேண்டாம், ஆனாலும் இழுப்பார்கள். மூச்சு ஒன்றானால் தொடக்கம் ஒன்றாகும்.

சோதித்துப் பாருங்கள். இரண்டு நண்பர்களை எதிரே உட்காரவைத்து, ‘நான் கையைக் கீழே போடும்போது ஒரே ஒரு தட்டு தட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். முதலில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கையைச் சட்டென்று கீழே போடுங்கள். இரண்டு தட்டு கேட்கும், சிதறலாக. அடுத்து, மூச்சை இழுத்தபடி கையை ஒரே சீராக மேலே கொண்டுபோய், அதே வேகத்தில் கீழே இறக்குங்கள். பெரும்பாலும் ஒரே தட்டுதான் கேட்கும். நீங்கள் எதையும் விளக்கவில்லை. ஒரு பீட் அவகாசம் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒருமுறை விருந்தினராக வந்த ஒருவர் முன்னசைவை ஒரு வேகத்தில் கொடுத்துவிட்டு, கீழடியை அதைவிட மெதுவாகப் போட்டார். முதல் வயலின்கள் முன்னசைவை நம்பிப் போய்விட்டன. செல்லோக்கள் கீழடிக்காகக் காத்திருந்தன. நடுவில் இருந்த நாங்கள் வில்லைத் தந்தியில் வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்தோம். நிறுத்தி மறுபடி தொடங்கவேண்டியதாயிற்று. அவர் எங்களைப் பார்த்து ‘கவனமாக இருங்கள்’ என்றார். கவனமாக இருந்ததால்தானே ஐயா பிரச்சினை!

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் ‘ட-ட-ட-டாம்’ எல்லோருக்கும் தெரியும். கண்டக்டர்களைக் கதிகலங்க வைக்கும் தொடக்கங்களில் ஒன்று அது. காரணம், அந்தப் பாரின் முதல் துணுக்கு ஓய்வு. கண்டக்டரின் கை கீழே விழும் இடத்தில் ஒலியே இல்லை. அதற்கு அப்புறம்தான் மூன்று வேகமான சுரங்கள். மௌனத்தின் மேல் கையைப் போட்டு, அதன் பின்னால் எண்பது பேரை ஒன்றாகக் கிளப்ப வேண்டும். முன்னசைவில் சந்தேகம் இருந்தால் ‘ட-ட-ட-ட-ட-டாம்’ ஆகிவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். நான் செய்த தப்பு இது: ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ‘இந்த அறிக்கை திங்கள் காலை வேண்டும்’ என்று குழுவுக்கு ஒரு மெசேஜ். அவ்வளவுதான். எவ்வளவு நீளம், யார் படிக்கப்போகிறார், தோராயமாக இருந்தால் போதுமா, எண்கள் கறாராக இருக்கவேண்டுமா என்று எதுவுமில்லை. முன்னசைவே இல்லாத கீழடி. ஒருவர் இருபது பக்கம் எழுதினார். இன்னொருவர் நான்கு ஸ்லைடு அனுப்பினார். மூன்றாமவர் திங்கட்கிழமை காலை வந்து, ‘யார் செய்யணும்னு தெரியலை, அதான் கேட்கலாம்னு இருந்தேன்’ என்றார். மூன்று பேரிடமும் தப்பு கிடையாது.

ஒரு வேலையைக் கொடுக்குமுன் இந்த மூன்றைச் சொல்கிறேனா என்று இப்போது சரிபார்க்கிறேன்: வேகம் (எப்போது, நடுவில் எங்கே பார்ப்போம்), கனம் (எவ்வளவு முக்கியம், எவ்வளவு உழைப்பு போதும்), தொடுகை (கரடுமுரடாக வரலாமா, மெருகோடு வேண்டுமா). கனத்தைத்தான் நாம் சொல்வதே இல்லை. மெதுவாக வாசிக்கவேண்டிய இடம் என்று தெரியாமல் ஒருவர் இரண்டு நாள் இரவு கண் விழித்திருப்பார். அப்புறம், சொன்னதற்கும் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். கேள்வி வருவது அந்த இடத்தில்தான்.

படி 4: ஒத்திகையில் எங்கே நிறுத்துவது, என்ன சொல்வது

தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு ஒத்திகைதான் கிடைக்கும். நேரம் தங்கம். கண்டக்டர் நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் எண்பது பேர் நிற்கிறார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு எண்பது மனித நிமிடங்கள் செலவு. எட்டுப் பேர் மீட்டிங்கில் நீங்கள் பத்து நிமிடம் சொந்தக் கதை பேசினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல கண்டக்டர்கள் நிறுத்தியதும் பேசும் வாக்கியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடம், பிறகு யார், பிறகு என்ன. ‘ஸி எழுத்துக்கு நாலு பார் முன்னால். இரண்டாம் வயலின். இன்னும் மெதுவாக, ஓபோ கேட்கவேண்டும். மறுபடி.’ முடிந்தது. தாளில் ஏ, பி, ஸி என்று எழுத்துகள் அச்சடித்திருப்பதே இதற்காகத்தான்: எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும். இந்த வாக்கியத்தில் ‘ஓபோ கேட்கவேண்டும்’ என்ற காரணம் இருக்கிறது பாருங்கள், அது விலைமதிப்பில்லாதது. என் தாளில் ஓபோ இல்லை. அது பாடிக்கொண்டிருக்கிறது என்பதே அந்த நொடிவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அடுத்த தடவை யாரும் சொல்லாமலே என் வில் இலேசாகும்.

மோசமான கண்டக்டர் நிறுத்தியதும் முதலில் பெருமூச்சு விடுவார். ‘இது சரியில்லை, உயிரே இல்லை’ என்பார். எங்கே, யார் என்று சொல்லமாட்டார். எண்பது பேரும் அது பக்கத்து ஸ்டாண்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எதற்கு நிறுத்துவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் அது அவருக்கு உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும், காது சிவந்திருக்கும். அதற்காக நிறுத்தினால் எண்பது பேர் முன்னால் அவரை நிற்கவைத்தது போலாகும். கண்ணைக்கூட அங்கே திருப்பாமல் தாண்டிப் போய்விடுங்கள். அதே தவறு அதே இடத்தில் மறுமுறையும் வந்தால் நிறுத்துங்கள். அது அநேகமாக ஆளின் தவறாக இருக்காது. தாளில் அச்சுப்பிழை இருக்கும், பக்கம் திருப்ப நேரமிருக்காது, அல்லது உங்கள் சைகையே குழப்பமாக இருக்கும். நான் இந்த வரிசையில்தான் சந்தேகப்படுகிறேன், கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்கி.

கோபத்தால் நல்ல இசை வருமா என்று கேட்டால், டோஸ்கனினி என்ற மாமேதைக் கண்டக்டரைக் காட்டுவார்கள். ஒத்திகைகளில் அவர் கத்தியதன் ஒலிப்பதிவுகளே இருக்கின்றன. அதே டோஸ்கனினி முழு ஸ்கோர்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்; கண் பார்வை மங்கல் என்பதால் ஸ்கோரைப் பார்க்காமலே நடத்தினார். நம்மில் பலர் அந்த மனப்பாடத்தை விட்டுவிட்டுக் கத்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று: வேலையில்லாதவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். வயலின்களோடு மட்டும் அரை மணி நேரம் போராடப்போகிறீர்கள் என்றால் ட்ரம்பெட்காரர்களை அரை மணி தாமதமாக வரச்சொல்லலாம். சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். ஐந்து நிமிடம் முன்னால் முடித்தால் அடுத்த ஒத்திகைக்கு எல்லோரும் சீக்கிரம் வருவார்கள். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படி 5: நடுவில் இருக்கும் தலைவர்கள்

கண்டக்டருக்கும் கடைசி ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு அடுக்கு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முதல்வர். வில்லை எந்த இடத்தில் மேலே தள்ளுவது, எந்த இடத்தில் கீழே இழுப்பது என்பதைக் கன்சர்ட்மாஸ்டரும் பிரிவுத் தலைவர்களும் முடிவுசெய்து பென்சிலால் தாளில் குறிப்பார்கள். பின்னால் இருக்கிற நாங்கள் அதை அப்படியே காப்பி அடிப்போம். கண்டக்டர் ‘இந்த இடம் கனமாக வேண்டும்’ என்பார். எந்த வில் என்று சொல்வது அநேகமாக அவர் வேலையில்லை. சொல்லத் தொடங்கினால் கன்சர்ட்மாஸ்டரின் புருவம் உயரும்.

பின் வரிசைக்காரர்களுக்கு ஒரு பௌதிகப் பிரச்சினையும் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. பதினைந்து மீட்டர் தள்ளி டிம்பனி என்ற பெரிய மேளத்தை வாசிப்பவருக்கு முன்வரிசை வயலின் ஒலி போய்ச்சேர நூறில் நான்கு பங்கு வினாடிக்கு மேல் ஆகும். அதைக் காதால் கேட்டு வாசித்தால் அவருடைய அடி முன்பக்கம் திரும்பி வரும்போது தாமதம் இரட்டிப்பாகியிருக்கும். அதனால் அவர் காதை அப்படியே நம்பாமல் கண்ணால் பார்த்து, தன் காதுக்குச் சற்று முந்தி வாசிக்கப் பழகியிருப்பார். உங்கள் டீமிலும் தூரத்தில் இருப்பவர்கள், வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்கள், செய்தியை வதந்தியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்றால், அவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள். அவர்களுக்கு உங்கள் கை நேராகத் தெரியவேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? வேறு யாரையாவது பார்த்துக்கொள்வார்கள். 1824 மே 7 அன்று வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியபோது பீத்தோவனுக்குக் காது கேட்காது. அவரும் மேடையில் நின்று கையசைத்தார். ஆனால் மைக்கேல் உம்லாஃப் என்பவரைத்தான் பார்க்கவேண்டும் என்று வாத்தியக்காரர்களுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. கைதட்டல் பீத்தோவனுக்குக் கேட்கவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரைத் தொட்டுத் திருப்பி, கூட்டத்தைக் காட்டினார் என்று சொல்வார்கள். அன்று நடந்தது அன்பான ஏற்பாடு. உங்கள் விஷயத்தில் உம்லாஃப் யார் என்று டீமுக்குத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். தெரிந்த பிறகு அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரைக் கன்சர்ட்மாஸ்டர் ஆக்கிவிடுங்கள்.

படி 6: கச்சேரி அன்று கையைக் குறையுங்கள்

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் பெரிய இசையமைப்பாளர், பெரிய கண்டக்டரும்கூட. நடத்தும்போது கண்டக்டர் வியர்க்கக்கூடாது, கேட்கிறவர்களுக்குத்தான் சூடேற வேண்டும் என்று பாதி விளையாட்டாக இளம் கண்டக்டர்களுக்கு அறிவுரை எழுதினார். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு ஹைடனின் 88-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியைக் கைகளை அசைக்காமல் புருவம், கண், உதடு இவற்றால் மட்டும் நடத்துகிற வீடியோ இருக்கிறது. தேடிப் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு மறுநாளே நீங்களும் புருவத்தால் டீமை நடத்தக் கிளம்பிவிடாதீர்கள்: எதிரே இருந்தவர்கள் வியன்னா ஃபில்ஹார்மோனிக், ஒத்திகையும் நடந்தாகிவிட்டது.

கடைசி நாளில் செய்ய மிச்சமிருப்பது ஒன்றுதான். இடது கையும் கண்ணும் கொடுக்கும் க்யூ. ஹார்ன்காரர் அறுபது பார் எண்ணி முடித்திருக்கிறார், அடுத்து அவர் வரவேண்டும். ஐம்பத்தொன்பதாவது பாரில் கண்டக்டர் அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். எண்ணிக்கை ஹார்ன்காரருக்குத் தெரியும். இருந்தாலும் ‘ஆமாம், நீதான், இப்போதுதான்’ என்ற அந்த உறுதி வேண்டியிருக்கிறது. ஒரு பீட் முன்னால் வந்தால் அது க்யூ. அவர் தொடங்கிய பிறகு விரலை நீட்டினால் அது பார்வையாளர்களுக்கான நாடகம்.

படி 7: கவிழும்போது

ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதியக் கச்சேரி. பியானோவில் மரியா ஜோவாவ் பிரெஸ், நடத்தியவர் ரிக்கார்டோ ஷாயி. ஆர்கெஸ்ட்ரா தொடங்கியதும் பிரெஸ் அதிர்ந்துபோனார்: அவர் தயார் செய்துகொண்டு வந்தது மொசார்ட்டின் வேறொரு கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு). பியானோ நுழைய ஓரிரு நிமிட அவகாசம் இருந்தது. ஷாயி நிறுத்தவில்லை. கையால் தாளத்தை ஓட்டிக்கொண்டே அவரிடம் பேசினார்: போன சீசனில் வாசித்தீர்களே, உங்களால் முடியும் என்ற தோரணையில், சிரித்தபடி. பிரெஸ் தலையைக் குனிந்து நினைவைத் தேடி, சரியான இடத்தில் நுழைந்து, முழுப் படைப்பையும் மனப்பாடமாக வாசித்து முடித்தார். இதுவும் வீடியோவாக இருக்கிறது.

நான் இதில் பார்ப்பது ஷாயியின் வலது கையை. முகம் பிரெஸ்ஸிடம் பேசிக்கொண்டிருக்க, அந்தக் கை மற்ற எல்லோருக்கும் ஒன்றுமே நடக்காததுபோல் தாளத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவரும் பதறியிருந்தால் ஒருவரின் சிக்கல் எல்லோரின் சிக்கலாகியிருக்கும்.

சிறிய அளவில் கவிழ்வது எங்களுக்கு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். யாரோ ஒரு பார் முந்திப் போய்விடுவார்கள். அனுபவமுள்ள கண்டக்டர் அப்போது கையைப் பெரிதாக்கமாட்டார். சின்னதாக்கி, கூர்மையாக்கி, அழகு சைகைகளையெல்லாம் விட்டுவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் அடியை மட்டும் தெளிவாகக் காட்டுவார். இடது கை ‘சத்தம் குறையட்டும்’ என்று இறங்கும், ஒருவரையொருவர் கேட்கவேண்டுமே. ஏதாவது ஒரு எழுத்து வரும்போது எல்லோரும் சேர்ந்துவிடுவோம். யார் தப்பு என்ற பேச்சு அப்போது கிடையாது, இடைவேளையில்கூட கிடையாது. அடுத்த ஒத்திகையில்தான்.

இந்த ஒப்புமை எங்கே உடைகிறது

நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கண்டக்டருக்கு ஸ்கோரை இன்னொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் ஸ்கோர் வாராவாரம் மாறும். அங்கே ஒவ்வொருவரும் சிறு வயதிலிருந்து ஒரே வாத்தியத்தைப் பழகியவர்கள். உங்களிடம் நேற்றுச் சேர்ந்தவரும் இருப்பார்.

கண்டக்டர் இல்லாமலும் முடியும் என்பது இன்னொரு உண்மை. மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற ஆர்கெஸ்ட்ரா 1922-இலிருந்து பத்து வருடம் கண்டக்டரே இல்லாமல், ஒருவரையொருவர் பார்க்கும்படி வட்டமாக உட்கார்ந்து வாசித்தது. நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவும் கண்டக்டர் இல்லாததுதான். ஒவ்வொரு படைப்புக்கும் தலைமை கை மாறும். வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1933-க்குப் பிறகு நிரந்தரக் கண்டக்டரே வைத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அவர்கள் அழைத்த விருந்தினர்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் தலைமைக் கண்டக்டரை வாத்தியக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் டீமுக்கு ஓட்டு இருந்தால் நீங்கள் ஜெயிப்பீர்களா என்று ஒரு தடவை யோசித்துப் பார்ப்பது ஆரோக்கியமானது.

ஆட்கள் சின்னக் குழுவாக, அனுபவசாலிகளாக, ஒருவரையொருவர் கேட்கும் தூரத்தில் இருந்தால், நீங்கள் திட்டிலிருந்து இறங்கி அவர்களோடு உட்கார்ந்துவிடலாம். எட்டுப் பேர் டீமில் நான் இப்போது பாதி நாள் அப்படித்தான் இருக்கிறேன்.

படி 8: யாரை எழுப்பி நிற்கவைப்பது

கைதட்டல் வந்ததும் கண்டக்டர் முதலில் தான் குனியாமல், நன்றாகத் தனித்து வாசித்தவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கை காட்டுவார்: கிளாரினெட், அப்புறம் ஹார்ன், அப்புறம் டிம்பனி. பிறகு பிரிவு பிரிவாக, கடைசியில் எல்லோரும். சத்தத்தில், வியர்வையில், சந்தோஷத்தில் யாரையாவது மறந்துவிடுவது மிகச் சுலபம். மறக்கப்பட்டவர் அதைப் பல வருடம் மறக்கமாட்டார்.

எங்களை நீண்ட நாள் நடத்திய ஒரு பெண்மணி ஒருமுறை வயோலா வரிசையை எழுப்பாமலே மேடையை விட்டுப் போய்விட்டார். நாலு பேர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். அடுத்த நிகழ்ச்சி முடிந்து தாள்களை அடுக்கும்போது அவருடைய ஸ்கோரின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கடைசிக் கோட்டுக்கு வலது பக்கம் சிவப்புப் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருந்தது. முதல் பெயர் வயோலா. இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார்.